கண் விழாத மூலை

2022 ஆகஸ்ட் 8, திங்கள். பிற்பகல் 4 மணி 10 நிமிடம். சனிக்கிழமை இதழில் விற்காமல் திரும்பி வந்தவை: 2,316 பிரதிகள்.

இந்த எண்ணைக் குறித்து வைக்கத்தான் டைரி. மனசில் பட்டதையெல்லாம் எழுத அல்ல.

'சாயுங்காலம்' எட்டுப் பக்க மாலைப் பத்திரிகை. திருநெல்வேலியில் பன்னிரண்டே முக்காலுக்குப் பக்கம் முடியும். ஒன்றரையிலிருந்து வேன்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பும். மூன்று மணிக்கு பஸ் ஸ்டாண்டுகளில் தொங்கும். ஆறு மணிக்கு மேல் அது வடை மடிக்கிற காகிதம். முதல் பக்கத்தை வடிவமைப்பவன் நான். செல்வின், வயது இருபத்தாறு, எலக்ட்ரானிக்ஸில் பி.இ., அதற்கு மேல் ஊடகவியலில் எம்.எஸ்சி. இன்று ஆசிரியர் சிதம்பரதாணு சார் கூப்பிட்டார்.

"யுனிவர்சிட்டில என்னமோ தியரி படிச்சேன்னு பீத்துவியேடே. ஒரு மாசம் மொதப் பக்கம் ஒன் இஷ்டம். திரும்பி வார பேப்பர் பாதியாவணும். ஆவலன்னா பழையபடி நா சொல்லுததுதான். செவப்பு, மஞ்சள், அம்புக்குறி."

சரி என்றேன். இன்றைய பக்கத்தில் பதினான்கு தலைப்புகள், ஆறு நிறங்கள், மூன்று அம்புக்குறிகள். எல்லாமே கத்துகின்றன. எல்லாமே கத்தினால் எதுவும் கேட்காது. சிக்னலைவிட இரைச்சல் அதிகம். முதல் வருட மாணவனுக்கே தெரிந்த விஷயம். யாரும் பக்கத்தை முதலில் வாசிப்பதில்லை, பார்க்கிறார்கள். கண் ஓர் இடத்தில் நுழைந்து, ஒரு பாதையில் போய், ஓர் இடத்தில் வெளியேறுகிறது. அந்தப் பாதையைப் போடுவதுதான் வேலை.

பரிசோதனைக்கு ஒரு வாசகர் வேண்டும். உலகம்மாளைக் கேட்டிருக்கிறேன். எம்.எஸ்சி.யில் கூடப் படித்தவள், இப்போது பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் இதே பாடத்தை நடத்துகிறாள். தகுதியான ஆள். வேறு காரணம் இல்லை.

ஆகஸ்ட் 10

ஏற்பாடு இது. கல்லூரி விட்டு வரும்போது முருகன்குறிச்சி கடையில் ஒரு பிரதி வாங்குவாள். மூன்று விநாடி பார்த்துவிட்டுக் கண்ணை மூடுவாள். முதலில் எது ஞாபகம் வருகிறதோ, அந்த இடத்தில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுப் படம் எடுத்து அனுப்புவாள். ஐந்தே காலுக்கு வரும்.

இன்றைய வட்டம் டாக்டர் விளம்பரத்தின் மேல். கூடவே குரல் பதிவு: "ஏல செல்வின், லாரி மோதி நாலு பேரு செத்திருக்கான். என் கண்ணு நேரா மூலம் பவுத்திரத்துக்குப் போவுது. இதுக்குத்தான் எம்.எஸ்சி. படிச்சியா?"

காரணம் கண்டுபிடித்துவிட்டேன். அந்த டாக்டர் நேராகப் பார்த்துச் சிரிக்கிறார். முகம் இருந்தால் கண் முகத்துக்குத்தான் போகும். விபத்துப் படத்தில் லாரிதான் இருந்தது.

குரல் பதிவை மூன்று முறை கேட்டேன். சரிபார்ப்பதற்காக.

ஆகஸ்ட் 12

வட்டம் தலைப்புச் செய்தியின் மேல். ஐந்து பதினேழு. திரும்பியவை குறைகின்றன.

ஆகஸ்ட் 16

சாயங்காலம் வ.உ.சி. மைதானத்துக்கு வெளியே உலகாவைப் பார்த்தேன். ஒரு வாரத்துப் பக்கங்களை நேரில் வைத்துப் பேச வேண்டும் என்று நான்தான் கூப்பிட்டேன். நன்னாரி சர்பத் வாங்கிக்கொண்டு மதில் மேல் உட்கார்ந்தோம். பக்கத்தைக் கை எட்டும் தூரத்தில் பிடித்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்க்கிறாள். எழுத்து மறைந்து கறுப்பும் வெளுப்பும் மட்டும் தெரியுமாம். முயன்றேன். எனக்கு அவள் விரல்தான் தெரிந்தது.

"சரி, கண்ணு எங்க போவுதுங்கிறது ஒன் கணக்கு. பாக்கறது யாரு, பாக்கப்படுதது யாரு, அதை யோசிச்சியா?" என்றாள். "ஒரு வாரமா ஒன் பக்கத்துல ஆம்பள படம் வந்தா அவன் மைக்க புடிச்சிப் பேசுதான். பொம்பள படம் வந்தா ஒண்ணு செத்துக் கெடக்கா, இல்ல ஓடிப் போயிருக்கா. அவளுக்குன்னு ஒரு வார்த்த கெடையாது."

"செய்தி அப்படி வருது. நான் என்ன செய்ய?"

"படத்த எங்க வைக்கணும்னு நீதானல முடிவு பண்ணுத?"

நாளையிலிருந்து இறந்த பெண்களின் படம் முதல் பக்கத்தில் இல்லை என்று சொன்னேன். சிரித்தாள். மஞ்சள் சுடிதார் போட்டிருந்தாள். இது தேவையற்ற தகவல்.

அவளிடம் நான் சொல்ல வேண்டியது எதுவும் இல்லை. அவர்கள் வேறு ஆட்கள், நாங்கள் வேறு ஆட்கள், நாங்கள் சர்ச், அவர்கள் கோவில். அவளுக்கு மூன்று தாய்மாமன்கள். மூத்தவர் பார்த்தாலே பஸ் நிற்கும். நிகழ்தகவு பூஜ்யம். பூஜ்யத்துக்கு நேரம் செலவிடுவது பொறியியல் ஆகாது.

ஆகஸ்ட் 19

போஸ்டரில் கை வைத்தேன். விற்பனைப் பிரிவு கொம்பையா அண்ணாச்சி சண்டைக்கு வந்துவிட்டார்.

மாலைப் பத்திரிகைக்குப் பேப்பர் பாதி, கடையில் தொங்கும் போஸ்டர் பாதி. பஸ்ஸுக்கு நிற்கிறவன் போஸ்டரை வாசித்துவிட்டுத்தான் காசை எடுக்கிறான். இத்தனை வருஷமும் முதல் பக்கத்துப் பெரிய செய்தியைத்தான் போஸ்டரிலும் போட்டார்கள். அபத்தம். போஸ்டரிலேயே விஷயம் முடிந்துபோனால் எவன் வாங்குவான்? பக்கத்தில் மிகச் சிறியதாக, மூலையில் கிடக்கிற செய்தியை எடுத்துப் போஸ்டரில் பெரிதாகப் போட வேண்டும். வாங்கினவன் அதைத் தேடுவான். தேடும்போது மற்றதெல்லாம் வாசிப்பான்.

"மூலைச் செய்திய போஸ்டர்ல போடுததா? வெளங்கும்," என்றார் அண்ணாச்சி. "நா இருவது வருசமா போஸ்டர் போடுதேன் தம்பி."

"இருபது வருஷமா திரும்பி வந்துக்கிட்டும் இருக்கு, அண்ணாச்சி."

சார் ஒரு வாரம் கொடுத்திருக்கிறார்.

ஆகஸ்ட் 25

திரும்பியவை பாதிக்கும் கீழே. சார் அல்வா வாங்கிக் கொடுத்தார். போஸ்டர் விதி இனி நிரந்தரம்: மூலையில் கிடக்கிற கடைசிச் செய்தி, கேட்காமலே போஸ்டருக்குப் போகும். அண்ணாச்சி இப்போது என்னை "புரொபசர்" என்கிறார்.

உலகாவுக்குச் செய்தி அனுப்பினேன். ஒரு கைதட்டல் படம் மட்டும் வந்தது. வட்டம் இல்லை.

ஆகஸ்ட் 26

வட்டம் வரவில்லை.

ஆகஸ்ட் 27

வரவில்லை. பைக்குக்கு ஆயில் மாற்றினேன். செயினும் தளர்ந்திருந்தது.

ஆகஸ்ட் 29

பரீட்சைத் தாள் திருத்துகிறாளாக இருக்கும். என் பக்கங்களை நானே மூன்று விநாடி பார்த்துக் கண்ணை மூடிப் பார்த்தேன். பயனில்லை. எதை எங்கே வைத்தேன் என்று எனக்கு முன்பே தெரியும். தனக்குத் தானே வாசகனாக இருக்க முடியாது.

ஆகஸ்ட் 30

பேசினாள்! மத்தியானம் இரண்டு மணிக்கு அவளே கூப்பிட்டாள். வகுப்புக்குச் சில விவரம் வேண்டுமாம்.

"காணாமப் போனவங்க செய்தி ஒங்களுக்கு எப்படி வரும்?"

"ஸ்டேஷன்ல இருந்து நிருபருக்கு. இல்லன்னா வீட்டு ஆளுகளே போட்டோவோட வந்துருவாங்க."

"எத்தன மணிக்குள்ள வந்தா அன்னைக்கே போடுவிய?"

"பதினொண்ணு. அதுக்கு மேல வந்தா அடுத்த நாள்."

"ஞாயித்துக்கிழம?"

"ஞாயித்துக்கிழமை பேப்பரே கிடையாது. மறந்துட்டியா? திங்கக்கிழமைதான்."

"ம். தூத்துக்குடிக்கும் அதே பக்கம்தான?"

"அதே பக்கம், அதே போஸ்டர்."

கால் மணி நேரம் விளக்கினேன். நல்ல கேள்விகள். செய்தி எந்த வாசலில் நுழைகிறது, யார் தடுக்கலாம், யார் விடலாம் என்று படிப்படியாகக் கேட்டாள். கடைசியில், "செல்வின், நீ நல்லா இருக்கியா?" என்றாள். நல்லா இருக்கேன் என்றேன். உடனே வைத்துவிட்டாள். வகுப்புக்கு நேரமாகியிருக்கும்.

செப்டம்பர் 2

சார் கொடுத்த ஒரு மாதம் வருகிற புதன்கிழமை முடிகிறது. பரிசோதனை முடிவுகளை அவளிடம் நேரில் சொல்வது முறை. சர்பத் கடை. புதன் சாயங்காலம்.

கணக்கில் ஒரு பிழை இருக்கலாம். அளவிடும் கருவி மோசமாக இருந்தால், மிகச் சிறிய எண்ணும் பூஜ்யமாகத்தான் காட்டும்.

ஒரு செய்தி தட்டச்சு செய்து அழித்தேன். சட்டை ஒன்று வாங்கினேன். நீலம்.

செப்டம்பர் 5, திங்கள்

வரிசையாக எழுதுகிறேன்.

காலை பத்தே காலுக்கு வெள்ளைச் சட்டையில் ஒருவர் ஆபீசுக்கு வந்தார். கூட இரண்டு பேர். சார் எழுந்து நின்று நாற்காலி போட்டார். உலகம்மாளின் மூத்த தாய்மாமன். மேஜையில் இரண்டு போட்டோக்களை வைத்தார். ஒன்று ஸ்டூடியோவில் எடுத்தது, பட்டுச் சேலை. மற்றது பிளஸ் டூ ஹால் டிக்கெட் படம், இரட்டைச் சடை, பயந்த முகம்.

"நேத்துல இருந்து காணல. தூத்துக்குடில பிரிட்டோன்னு ஒரு கடல்காரப் பய. மீன்பிடி போட்டுல எஞ்சின் மெக்கானிக்காம். நாளைக்குக் காலைல ரிஜிஸ்தர் பண்ணப் போறானுவன்னு தகவல். எங்க தங்கியிருக்கானுவன்னு தெரியல. படத்தப் பெருசாப் போடுங்க. பாத்தவன் எவனாச்சும் சொல்லுவான். மத்தத நாங்க பாத்துக்கிடுவோம்."

'மத்தத' என்று சொல்லும்போது அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

அவர்கள் போனதும் சார், "ஸ்டேஷன்லயும் எழுதிக் குடுத்திருக்காவ. போடாம இருக்க முடியாதுடே. மொதப் பக்கம்," என்றார்.

ஆகஸ்ட் 30 கேள்விகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. வகுப்புக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை கிளம்பினால் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று கணக்குப் பார்த்திருக்கிறாள். ஸ்டேஷனில் ஒரு நாளாவது இழுப்பார்கள் என்று நினைத்திருப்பாள். மாமன் நேரே இங்கே வருவார் என்று நினைக்கவில்லை. படத்தைப் போடாதே என்று என்னிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் ஏன் என்று நான் கேட்பேன். அந்தக் காரணத்தை என்னிடம் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. ஆகவே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. என்ன தெரிந்திருக்கிறது என்று இங்கே எழுதத் தேவையில்லை.

பிரிட்டோ. அவர்கள் கோவில், அவன் சர்ச். எனக்கும் அவளுக்கும் நடுவில் என்னென்ன இருந்தனவோ அவ்வளவும் அவனுக்கும் இருந்தன. அவன் நிகழ்தகவு பார்க்கவில்லை.

பத்து ஐம்பதுக்குப் பக்கத்தைத் திறந்தேன்.

இவ்வளவு நாள் கண்ணை எப்படி இழுப்பது என்று பார்த்தேன். இன்று அதையே திருப்பிப் போட்டேன். கல்லிடைக்குறிச்சி பக்கம் ஒரு கரடி ரேஷன் கடைக்குள் புகுந்து சீனி மூட்டையைப் பிரித்திருக்கிறது. படம் பிரமாதம், வாயெல்லாம் சீனி. கரடியை ஆறு பத்தி அகலத்தில் போட்டேன். அது மேலே வலப்பக்கம் பார்க்கிறது; வாசகனும் அங்கேதான் பார்ப்பான். அங்கே தங்கம் விலை. அங்கிருந்து கண் கீழே இறங்காமல் இருக்க ஒரு தடித்த கோடு. கீழே இடது மூலையில், பேரூராட்சி டெண்டர் அறிவிப்புக்குப் பக்கத்தில், 'காவல் நிலையச் செய்திகள்' என்று மொத்தமாக ஒரு தலைப்பு. மூன்று சைக்கிள் திருட்டுகளுக்கு அடியில் அவள். ஹால் டிக்கெட் படம், தபால்தலை அளவு. இரட்டைச் சடையை வைத்து இன்றைய உலகாவை எவனும் கண்டுபிடிக்க முடியாது.

சார் பார்த்தார். கரடியைப் பார்த்துச் சிரித்தார். "எங்கடே அந்தப் புள்ள?" என்றார். முதல் பக்கத்தில்தான் இருக்கிறாள் என்று காட்டினேன். மூன்று விநாடிக்கு மேல் என்னைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

ஒன்று நாற்பதுக்குச் சாப்பிட இறங்கினேன். வாசலில் போஸ்டர் கட்டு. 'விரிவுரையாளர் எங்கே? படத்துடன் முழு விவரம்.' கரடி இல்லை.

என் விதி. மூலையில் கிடக்கிற கடைசிச் செய்தி கேட்காமலே போஸ்டருக்குப் போகும். அவளைப் பக்கத்தில் ஒளித்து வைத்து, நானே தெருவில் தொங்கவிட்டிருக்கிறேன்.

ஓடிப்போய்க் கொம்பையா அண்ணாச்சியைப் பிடித்தேன். "மாத்துங்க, அண்ணாச்சி. கரடிய போடுங்க."

"ஏன் புரொபசர், ஒன் தியரி ஒனக்கே புடிக்கலியா? கடேசி செய்திதான் போஸ்டருன்னு நீதான குதிச்ச?"

"இன்னைக்கு மட்டும்."

"சும்மா இரி. இதவிட ஓடுத போஸ்டர் இந்த வருசத்துல வரல."

தொழில்நுட்பக் காரணம் ஒன்றை யோசித்தேன். எதுவும் வரவில்லை. அவர் காதருகே போய் ஒரு வாக்கியம் சொன்னேன். நான்கு வார்த்தை. இதுவரை யாரிடமும் சொல்லாதது.

அண்ணாச்சி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "இத மொதல்லயே சொல்லித் தொலைய வேண்டியதுதானல, கூறுகெட்டவனே," என்றார். போஸ்டர் கட்டை உள்ளே தள்ளச் சொன்னார். "மத்த வேன நிறுத்திட்டேன். கரடி போஸ்டர் அடிக்க இருவது நிமிசம். தூத்துக்குடி வேன் மட்டும் போயிட்டு."

எந்த ஊருக்குப் போகக்கூடாதோ, அந்த ஊருக்கு மட்டும் போய்விட்டது. டிரைவர் போனை எடுக்கவில்லை.

ஈரம் காயாத கரடிகளைப் பைக்கில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். செயினை இறுக்காதது ஞாபகம் வந்தது. வாகைக்குளம், புதுக்கோட்டை, மறவன்மடம், கடை கடையாக இறங்கிப் போஸ்டரை உருவி, கரடியைத் தொங்கவிட்டேன். தூத்துக்குடி பழைய பஸ் ஸ்டாண்டில் ஒரு கடைக்கார அக்கா கையைத் தட்டிவிட்டாள்.

"ஏ தம்பி, யாரு நீ? தொங்குனத உருவுத?"

"பேப்பர் ஆபீஸ்க்கா. தப்பா அடிச்சிட்டாங்க."

"என்ன தப்பு? டீச்சரம்மா காணோம்னு போட்டிருக்கு. மூணு பேரு கேட்டு வாங்கிட்டுப் போனான். கரடியவா பாக்க வருவான்?"

"சீனி திங்குற கரடிக்கா. பாருங்க."

பார்த்தாள். "எங்க வீட்டுக்காரரு மாதிரியே இருக்கு," என்றாள். விட்டுவிட்டாள்.

கடைசிப் போஸ்டரை மாற்றும்போது நாலரை. இதே ஊரில் ஏதோ ஒரு வீட்டில் அவள் இருக்கிறாள். ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு போகலாம்; அப்படி ஒருவன் போனால் ஊர் கவனிக்கும். கவனம் திரும்பக் கூடாது என்பதுதான் இன்றைய வேலை. கடற்கரைப் பக்கம் போகாமல் திரும்பிவிட்டேன்.

அந்த மூன்று பேரை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

செப்டம்பர் 6, செவ்வாய்

காலை முழுக்கப் போனைப் பார்த்தேன். நேற்று நன்றாக விற்றது என்று சார் சொன்னார். காதில் ஏறவில்லை. பதினொன்றரைக்கு மாமனின் ஆள் ஒருவன் வந்து, "தேடிப் பாக்க வேண்டியிருக்கு, படம் எங்கன்னு," என்று பேப்பரை மேஜையில் வீசினான். சார், "மொதப் பக்கத்துல கேட்டிய, மொதப் பக்கத்துல போட்டாச்சி," என்று சொல்லிவிட்டார். அவன் போன பிறகும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

இரண்டே முக்காலுக்குத் தெரியாத எண்.

"செல்வின், நான்தான்."

"முடிஞ்சிதா?"

"முடிஞ்சிது. ரிஜிஸ்தர் ஆபீஸ் பலகைல எங்க ரெண்டு பேரு பேரும் ஒரு மாசம் ஒட்டியிருந்துச்சு. ஒருத்தன் வாசிக்கல." லேசாகச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "இப்ப எஸ்.பி. ஆபீஸ்ல இருக்கோம். எழுதிக் குடுத்திருக்கோம். வெளிய மாமா கார் நிக்கு."

"என்ன செய்யணும்?"

"எங்க படத்த நாளைக்கு மொதப் பக்கத்துல போடு. பெருசா. எங்கள யாருக்கும் தெரியாமப் போனாத்தான் ஆபத்து. ஊருக்கே தெரிஞ்சிட்டா கைய வைக்க யோசிப்பாவ. புரியுதால?"

"புரியுது. படம் எத்தனை மெகாபிக்சல்?"

"என்னது?"

"பெருசா போடணும்னா தெளிவா இருக்கணும். வாட்ஸ்அப்ல அனுப்பாத, மெயில்ல அனுப்பு."

"சரி." பின்னால் யாரோ ஓர் ஆண், தண்ணி குடிச்சியா என்று அவளைக் கேட்டான். மென்மையான குரல். "நேத்து பேப்பர் பாத்தேன்," என்றாள்.

"ம்."

"கரடி நல்லா இருந்துச்சு, செல்வின்."

வைத்த பிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

மெயில் வந்துவிட்டது. எஸ்.பி. ஆபீஸ் படிக்கட்டில் இருவரும். மாலை கசங்கியிருக்கிறது. அவள் கேமராவை நேராகப் பார்க்கிறாள். மஞ்சள் சேலை. நாளை செய்ய வேண்டியவை:

1. எட்டு மணிக்கு ஆபீஸ். சார் வருவதற்குள் மேல் பாதி முழுவதையும் பிடித்துவிடுவது.

2. படத்தை வெட்டாமல் போடுவது. பின்னால் எஸ்.பி. ஆபீஸ் பலகை தெரிய வேண்டும்.

3. சார் 'காதல் ஜோடி தஞ்சம்' என்பார். விடக்கூடாது. தலைப்பில் இருவர் பெயர். கீழே 'திருமணம் செய்துகொண்டனர்'. அவள் எழுதிக் கொடுத்ததிலிருந்து இரண்டு வரி, அவள் வார்த்தையிலேயே.

4. பதிவு எண், தேதி தடித்த எழுத்தில், படத்துக்கு அடியில்.

5. பக்கத்தில் வேறு முகம் எதுவும் கூடாது. டாக்டரை ஏழாம் பக்கத்துக்கு அனுப்புவது.

6. கொம்பையா அண்ணாச்சியிடம் நானே போய்ச் சொல்வது: போஸ்டரிலும் இதே படம். எல்லா வேனிலும். அவள் மாமன்மார் டீ குடிக்கிற கடையில் இரண்டு.

7. படத்தில் பிரிட்டோவின் முகம் பாதி நிழலில் இருக்கிறது. அதை வெளிச்சமாக்குவது. அவள் முகத்துக்குக் குறையாத வெளிச்சம். அவனையும் எல்லாருக்கும் அடையாளம் தெரிய வேண்டும்.